பழைய காமிக்ஸுக்குப் பிறவி, அடி, வைத்தியம்

திருப்பதிக் கடையில் இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. பழைய காமிக்ஸ் புத்தகத்தை அதற்குள் வைத்து மூடினால் நாலு பக்கமும் விளக்கு எரிந்து படம் பிடிக்கும். கீறல், மடிப்பு, கறை எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம் போட்டு மார்க்கும் கொடுக்கும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரவீணா அதைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, உங்க வேலைய இனிமே இது பாத்துக்கும்" என்று எழுதியிருந்தாள். அத்தோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. அட்டைப்படக் கதாநாயகியின் கன்னத்து மச்சத்துக்கு அந்தப் பெட்டி வட்டம் போட்டுக் கறை என்று சொல்லிவிட்டதாம். அதே புத்தகத்தின் முதுகில் யாரோ பசை தடவி ஒட்டியிருந்ததைக் கண்டுகொள்ளவே இல்லையாம். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னாள்.

மச்சத்தையும் கறையையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் நான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். ஆகவே எழுதுகிறேன். பெட்டி கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

நான் பிறந்தது பாலசமுத்திரம் பக்கம். நைனா அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தைச் சித்தூரில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன், அதுவும் கல்யாணப் பத்திரிகை மடித்து மடித்து. இந்தக் கட்டுரையில் எங்காவது 'நிகழும் மங்களகரமான' வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் இருந்தேன். மாம்பழச்சாறு லேபிள், பள்ளி நோட்டு, கதைப் புத்தகம் எல்லாம் கையைத் தாண்டிப் போயின. முதலாளியின் மகன்கள் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கக் கிளம்பியதும் பைண்டிங்குக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். திருப்பதிக்கு வந்து, பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் இந்தக் கடையில் சேர்ந்தேன்.

கடையை நடத்தியவர் ராகவலு சார். தாய்மொழி தெலுங்கு. தமிழை அவர் யாரிடமும் படிக்கவில்லை, தமிழ் காமிக்ஸ் வாசித்தே கற்றுக்கொண்டார். அதனால் சாதாரணமாகப் பேசும்போது தெலுங்கும் தமிழும் கலந்து நம்மைப் போலப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழுக்குப் போய்விடுவார். ஒருமுறை மின்வாரியத்து ஆளைப் பார்த்து "அற்பப் பதரே, இருளில் தள்ளிவிட்டு எங்கே ஓடுகிறாய்" என்று கேட்டார். அந்த ஆள் பாவம், தெலுங்கு மட்டும் தெரிந்தவர். வாழ்த்து என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். மேஜையில் வெள்ளைத் துணி விரிக்காமல் எந்தப் புத்தகத்தையும் இறக்கவிட மாட்டார். தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தால் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பூ வைக்கக் கூடாது, மல்லிகை உதிர்ந்து பக்கத்துக்குள் போய்ப் பழுப்புக் கறை வைக்கும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கையைக் கழுவித் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று அவரிடம் நீட்டிக் காட்டிய பிறகுதான் வேலை. முதல் மாதம் எனக்கு இது பந்திக்கு முன்னால் கை காட்டுகிற குழந்தை மாதிரி வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது பிறவியா, அடியா, வைத்தியமாம்மா?"

அதை விளக்கிவிடுகிறேன். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடித்தால் அது ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்துக்குள் இன்னொன்றைச் செருகி, மேலே அட்டையைப் போட்டு, நடு மடிப்பில் பின் அடித்து, மூன்று ஓரத்தையும் வெட்டினால் காமிக்ஸ். இந்த வேலையில் அச்சகத்திலேயே நடக்கிற தப்பு பிறவி. சிவப்பு மை கொஞ்சம் விலகி விழுந்து கதாநாயகியின் உதடு அவள் காதோரம் போய் உட்கார்ந்திருக்கும். வெட்டுக் கத்தி கோணலாக இறங்கி வில்லனின் பாதித் தலை போயிருக்கும். பின் மடிப்பில் விழாமல் குதிரையின் வயிற்றில் விழுந்திருக்கும். புத்தகம் வெளியே வந்த பிறகு பட்டதெல்லாம் அடி. எலி, கரையான், டீ, மழை, தம்பி, தங்கை எல்லாம் இதில் சேர்த்தி. அடி பட்டதை மறைக்கவோ சரிசெய்யவோ மனிதன் கை வைத்தது வைத்தியம்.

அடி விலையைக் குறைக்கும். இது எல்லாருக்கும் புரியும். வைத்தியம் அதைவிட அதிகமாகக் குறைக்கும், அதுவும் சொல்லாமல் செய்த வைத்தியம் என்றால் புத்தகத்தைக் கிலோ கணக்கில் போடுகிற விலைக்குக் கொண்டுவந்துவிடும். இதை விற்க வருகிறவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குத் தொண்டை வறண்டுவிடும். கிழிந்ததை ஒட்டியிருக்கிறேன், அதற்கு விலை ஏற்றித் தர வேண்டாமா என்று சண்டைக்கு வருவார்கள்.

பிறவி மட்டும் தனிக் கதை. எல்லாப் பிரதியிலும் இருக்கிற பிறவிக் குறையால் விலை கொஞ்சம் இறங்கும், சிலசமயம் இறங்காது. அச்சகத்தார் கண்ணில் படாமல் ஒரே ஒரு பிரதி மட்டும் தப்பி வந்துவிட்டது என்றால் விலை எங்கேயோ போய் நிற்கும். அட்டை இரண்டு தடவை வைத்து பின் அடித்த பிரதி, வெட்டுப்படாத மூலை உள்ளே மடிந்து கிடக்கும் பிரதி, இவற்றுக்கென்றே அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அச்சகத்தில் இப்படி ஒரு பிரதி வெளியே போயிருந்தால் மேஸ்திரி என் தோலை உரித்திருப்பார். இங்கே அதே பிரதிக்குப் பட்டுத்துணி போர்த்துகிறார்கள்.

வைத்தியத்தைக் கண்டால் சாருக்குத் தாகம் எடுக்கும். செலோ டேப் என்றால் தண்ணீர் கேட்பார். போன நிறத்தை ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பியிருந்தால் டீ. ஓரம் அசிங்கமாக இருக்கிறதென்று கட்டிங் மெஷினில் கொடுத்து வெட்டியிருந்தால் கடையை விட்டே இறங்கிப் போய்க் கரும்புச் சாறு குடித்துவிட்டு வருவார். ஒருவர் தன் மகளின் கண்மையை எடுத்துக் கதாநாயகனின் மீசையைப் புதுப்பித்துக் கொண்டுவந்தார். சார் டீ கேட்டார், பிறகு உற்றுப் பார்த்துவிட்டு இன்னொரு டீ கேட்டார். குடுபல்லியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். ரேஷன் கார்டைப் போல, புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக லேமினேஷன் செய்து, மேலே ஓட்டை போட்டு வளையம் மாட்டி, இனிமேல் மழைக்குக்கூட பயமில்லை என்று பெருமையாகச் சொன்னார். சார் அன்று மதியம்வரை கடைக்குத் திரும்பவில்லை.

டேப் போட்டு முதுகைக் கட்டி வருகிற புத்தகத்துக்கு எங்களுக்குள் புத்தூர் கட்டு என்று பெயர் வைத்திருந்தோம். எலும்பு முறிந்தால் புத்தூருக்குத்தானே எல்லாரும் ஓடுகிறோம். ஒருநாள் நான் அப்படிச் சொன்னது விற்க வந்தவரின் காதில் விழுந்துவிட்டது. அவர் புத்தூர்க்காரர். "எங்க ஊரு கட்டு போட்டா சேர்ந்துக்கும்மா. இது சேருதா சொல்லு?" என்று கேட்டார். சேராது என்று ஒத்துக்கொண்டேன். அப்படியானால் வேறு பெயர் வையுங்கள் என்றார். நியாயம்தான். அன்றிலிருந்து வெறும் டேப் என்றே எழுதினோம்.

கடையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இனி சொல்லப்போகும் விஷயத்துக்கு அவை தெரிய வேண்டும். ஒன்று, விலை பேசி முடித்த புத்தகத்தையும் வாங்குகிறவர் வரும்வரை விற்கிறவரே வீட்டில் வைத்திருக்க வேண்டும். கடையில் வைத்திருந்த ஒரு அபூர்வப் பிரதியின் மூலையை எலி தின்றுவிட்டதிலிருந்து சார் எடுத்த முடிவு அது. இரண்டாவது, விற்கிறவரிடம் விலையைச் சொல்வோம், காரணத்தைச் சொல்ல மாட்டோம். ஒருதடவை மூலை மடிந்த பிரதிக்கு ஏன் நல்ல விலை என்று ஒருவருக்கு நான் விளக்கிவிட்டேன். அடுத்த மாதம் வந்த புத்தகங்களில் பாதிக்கு மூலை மடிந்திருந்தது. சிலவற்றில் மடிப்புச் சூடே ஆறவில்லை. சார் என்னைக் கூப்பிட்டு, பிறவியைப் பார்த்தாலும் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது, சீட்டாடுகிறவன் மாதிரி உட்காரு என்றார். நானும் பழகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் நான் சமையல் நன்றாயிருக்கிறது என்று நினைக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தேவசகாயம் ஐயா சித்தூரிலிருந்து ஒரே ஒரு புத்தகத்தோடு வந்தார். பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். சபையின் பைண்டிங் கூடத்தில் பாட்டுப் புத்தகமும் வேதாகமமும் கட்டியே வயதானவர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். கூட அவர் மனைவி எஸ்தர் அம்மா. இந்தப் புத்தகம் போனால் வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். இவருடைய வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து மணிக்கட்டு போய்விட்டதாம்.

புத்தகம் ஒரு சாதாரண குதிரைவீரன் கதை. சந்தையில் நிறைய கிடைக்கும், பெரிய விலை இல்லை. நான் வெள்ளைத் துணியில் வைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்தேன். சுத்தம். பின் இரண்டும் லேசாகத் துருப்பிடித்திருந்தன, அசல் பின். நடுவில் திறந்தேன். உள் ஃபாரம் முழுக்கத் தலைகீழாக இருந்தது. வீரன் குதிரையின் கால்கள் ஆகாயத்தைப் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு பிரதியை நான் அதுவரை கண்டதே இல்லை. அச்சகத்தில் யாரோ உள் ஃபாரத்தைத் திருப்பிச் செருகி, பின் அடித்து, வெட்டி, அனுப்பிவிட்டார்கள். கைபடாத சுத்தப் பிறவி. எனக்கு உள்ளுக்குள் தவில் வாசித்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்து, படம் எடுத்து, மூடிவிட்டேன். சாரும் பார்த்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. விலையைச் சொன்னார். எஸ்தர் அம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சரி என்றார். ஐயா மட்டும் ஏதோ சொல்ல வருவதுபோல எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

வாங்கப்போகிறவர் வேலூரிலிருந்து வருகிற பல் டாக்டர். பிழை உள்ள பிரதி மட்டுமே சேர்க்கிறவர். நாள் முழுக்கக் கோணல் பல்லை நேராக்கிவிட்டு, சாயங்காலம் கோணல் புத்தகத்தை வைத்துக் கொஞ்சுகிறவர். படத்தைப் பார்த்ததுமே பரபரத்தார். அவரைப் போன்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள், சித்தூர்க்காரர்களும்.

குறித்த நாளில் எல்லாரும் வந்தார்கள். டாக்டர் கையைக் கழுவினார், நீட்டிக் காட்டினார், உட்கார்ந்தார். ஐயா துணியைப் பிரித்துப் புத்தகத்தை வைத்தார். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் திறந்தார். வீரன் குதிரைமேல் நேராக உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் போனை எடுத்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் சத்தம் போட ஆரம்பித்தார். அசல் பிரதியை ஒளித்துவைத்துவிட்டுச் சாதாப் பிரதியைத் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்றார். எங்களையும் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே குழுவில் ஒரு குரல் செய்தியும் போட்டுவிட்டார், சித்தூர் பைண்டர் ஒருவர் புத்தகத்தை மாற்றி ஏமாற்றுகிறார் என்று. உடனே போன் டிங் டிங் என்று அடித்தது. யார், எந்த பைண்டர், பெயர் என்ன என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேவசகாயம் ஐயா எழுந்து நின்றார். "சார், நடு ஃபாரம் தலைகீழா இருந்திச்சி. நீங்களும் பாக்கல, இந்தம்மாவும் பாக்கல. தலைய சாச்சி சாச்சி பாத்துச்சி, அப்பவும் தெரியல, கண்ணு சரியில்ல போலன்னு நெனச்சேன். தெரியாம வாங்கிக்கினு போயி டாக்டரு கஷ்டப்படக் கூடாதுன்னு நானே பிரிச்சி சரி பண்ணிட்டேன். அதுக்குத் தனியா காசு வாணாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விலைக்குக் காரணமே அந்தத் தலைகீழ்தான். காரணம் சொல்லாத எங்கள் வழக்கமும் என்னுடைய கல் முகமும் சேர்ந்து இந்த மனிதரை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன! நாங்கள் குறையைக் கவனிக்கவில்லை, தெரியாமல் விலை ஏற்றிச் சொல்லிவிட்டோம், அதைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டால் பாவம் என்று அவர் நினைத்திருக்கிறார். பாட்டுப் புத்தகத்தில் ஒரு ஃபாரம் தலைகீழாகப் போனால் ஞாயிற்றுக்கிழமை சபையில் பாதிப் பேர் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி பைண்டரைப் பார்ப்பார்களாம். அந்தப் பார்வைக்குப் பயந்தே வாழ்ந்தவர் அவர்.

இத்தனை வருஷம் வீட்டில் வைத்திருந்தபோது ஏன் சரிசெய்யவில்லை என்று சார் கேட்டார். "என் வீட்ல இருக்கற வரைக்கும் அது என் கஷ்டம் சார். திருப்பிப் புடிச்சிப் படிச்சிப்பேன். காசு வாங்கிக்கினு இன்னொருத்தர் கையில குடுத்தா அது என் பேரு" என்றார்.

டாக்டர் நம்பவில்லை. கேட்காத குறையை எவனாவது சும்மா உட்கார்ந்து சரிசெய்வானா என்றார். ஐயாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் தன்னைத் திருடன் என்று சொன்னதில்லை என்று மெதுவாகச் சொன்னார். எஸ்தர் அம்மா டாக்டரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷின் போனதைப் பற்றி அப்போது அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

நான் புத்தகத்தை என் பக்கம் இழுத்து மேஜையில் நிறுத்திப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் உள் ஃபாரம் நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல் ஓரத்தில் அதே அளவு உள்ளே போயிருந்தது. அச்சகத்தில் மொத்தமாகச் சேர்த்து வெட்டிய புத்தகத்தில் அப்படி நீட்டாது. கத்தி அன்று கொஞ்சம் கோணலாக இறங்கியிருக்கிறது. ஃபாரம் தலைகீழாக இருக்கும்போது எல்லாம் ஒன்றாக வெட்டுப்பட்டிருக்கும். திருப்பி வைத்ததும் கோணல் எதிர்ப்பக்கம் போய்விட்டது. சாரிடம் காட்டினேன். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் நகர்த்தினார்.

டாக்டர் கோபக்காரரே தவிர விஷயம் தெரிந்தவர். பையிலிருந்து வாயைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தார். நடு மடிப்பைப் பல் இடுக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பின் மேலேயும் கீழேயும் ஒரே தூரத்தில் அடிக்கப்படவில்லை. ஆகவே ஃபாரத்தைத் திருப்பினால் பழைய ஓட்டை புது இடத்துக்கு வந்துவிடும். இப்போது பின் போயிருக்கும் ஓட்டைகள் புதியவை, வெள்ளையாக இருந்தன. கொஞ்சம் தள்ளி, பின் இல்லாத வெறும் ஓட்டைகள் இரண்டு, சுற்றிலும் பழைய துருக்கறையோடு இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இதே காப்பிதான்" என்றார். "ஐயா, நீங்க நெஜமாவே சரி பண்ணிட்டீங்க."

"அதத்தான சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் ஐயா.

டாக்டர் எழுந்து ஐயாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அப்போதே குழுவில் இன்னொரு குரல் செய்தி போட்டார், அவர் மாற்றவில்லை, தவறு என்னுடையது என்று. அங்கே எல்லாரும் இன்னும் அதிகமாகக் குழம்பிப்போனார்கள். சார் அப்போதுதான் வழக்கத்தை உடைத்து ஐயாவுக்குக் காரணத்தைச் சொன்னார். தலைகீழ் இருந்ததால்தான் அந்த விலை, நேரானதும் இது சாதாப் பிரதி, அதுவும் வைத்தியம் பார்த்த சாதாப் பிரதி, பேசிய விலையில் ஒரு மூலைகூடத் தேறாது என்றார். ஐயா நம்பாமல் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். இந்தத் தடவை முகத்தைக் கல்லாக வைக்கவில்லை.

"தலைகீழா இருந்தா எப்படிப் படிப்பீங்க?" என்று டாக்டரைக் கேட்டார்.

"நான் படிக்கறதில்லீங்க ஐயா. எடுத்துப் பாப்பேன். உள்ள வெச்சிடுவேன்."

ஐயா அவரை இரக்கத்தோடு பார்த்தார். நல்ல படிப்பு படித்த மனிதர், வீட்டில் யாரும் கவனிப்பதில்லையோ என்று நினைத்தது மாதிரி இருந்தது.

இந்த இடத்தில்தான் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது. பின்னும் அசல் பின். மறுபடி தலைகீழாகத் திருப்பிப் பழைய ஓட்டையிலேயே போட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடும். பேசிய விலையை அப்படியே தருகிறேன், சீட்டில் மட்டும் வைத்தியம் என்று எழுத வேண்டாம் என்றார். நாங்கள் விற்கும் ஒவ்வொரு பிரதியோடும் பிறவி, அடி, வைத்தியம் எல்லாம் எழுதிய சீட்டு ஒன்று போகும். அதை நம்பித்தான் ஊர் ஊராக ஆட்கள் வாங்கினார்கள்.

ராகவலு சார் மெல்ல எழுந்தார். தாகம் எடுக்கப்போகிறது என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "டாக்டர் அவர்களே" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. "சற்று முன்பு எங்களை வஞ்சகர் என்றீர். இப்போது எங்களையே வஞ்சகம் புரியச் சொல்கிறீர். உமது மனம்தான் என்ன மனமோ."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சார் உட்கார்ந்து சாதாரண பாஷைக்குத் திரும்பினார். திருப்பி வைக்கலாம், தப்பில்லை, சீட்டில் நடந்ததெல்லாம் எழுதித்தான் கொடுப்பேன், விலை அதற்குத் தக்கபடி இறங்கும், இஷ்டமிருந்தால் எடுங்கள் என்றார். டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். பிறவிக் குறையைப் பார்த்துவிட்டு விட்டுப்போக அவருக்கு மனம் வராது என்று சாருக்குத் தெரியும்.

ஊசியும் குறடும் எடுத்து ஐயாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் மாட்டேம்மா. தெரியாம போயிருந்தா அது வேற. தெரிஞ்சே ஒரு ஃபாரத்த தலைகீழா வெச்சி என் கையால பின் போட மாட்டேன். சாமி மேல சத்தியமா முடியாது."

நான் செய்யலாம்தான். ஆனால் கடை ஆள் விற்பனைப் புத்தகத்தில் கை வைக்கக் கூடாது என்பது சாரின் முதல் சட்டம். டாக்டர் கை வைத்தால் வாங்குகிறவரே வைத்தியம் பார்த்ததாகிவிடும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பல் டாக்டர், பைண்டர், பழைய பைண்டிங்காரி, கடைக்காரர், நாலு பேருக்கும் கை இருந்தும் ஒரு பின்னைக் கழற்ற ஆளில்லை.

எஸ்தர் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"குடும்மா இங்க. அவருதான் பைண்டரு. நான் இல்லியே."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே சாரிடம் நீட்டிக் காட்டினார். உட்கார்ந்து பின்னின் காலைக் குறடால் நிமிர்த்தினார். ஐயா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பார்க்க மாட்டேன் என்று. எஸ்தர் அம்மா உள் ஃபாரத்தை உருவித் திருப்பினார். வீரன் மறுபடி தலைகீழானான். சுவரைப் பார்த்திருந்தவருக்குத் தாளின் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

"பழைய ஓட்டையிலயே வுடு எஸ்தரு" என்றார் திரும்பாமல். "முன்னால ஊசிய வுட்டு வழி பாத்துக்கோ. பின்ன ஒரே அழுத்தா மடி. ரெண்டு வாட்டி வளைச்சா ஒடிஞ்சிடும்."

"தெரியும். வருசக்கணக்கா பக்கத்துல உக்காந்து பாத்துக்கினுதான இருந்தேன்" என்றார் எஸ்தர் அம்மா. பின் ஒரே அழுத்தில் மடிந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், நூலளவுகூட நீட்டவில்லை.

சார் சீட்டு எழுதினார். வைத்தியம் செய்தவர் பெயரை நாங்கள் எழுதுவதில்லை. இந்தத் தடவை எழுதச் சொல்லிக் கேட்டது எஸ்தர் அம்மா. எதற்கு என்று சார் கேட்கவில்லை. பிறவி: உள் ஃபாரம் தலைகீழ். வைத்தியம் ஒன்று: நேராக்கியவர் தேவசகாயம், பைண்டர், சித்தூர். வைத்தியம் இரண்டு: மறுபடி தலைகீழாக்கியவர் அவர் மனைவி எஸ்தர். அடி: பின்னில் லேசான துரு, வேறொன்றும் இல்லை. என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு சீட்டை முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விலை பேசும்போது இன்னொரு வேடிக்கை. சார் விலையைக் குறைத்துச் சொன்னார், இரண்டு தடவை பிரித்த புத்தகம் என்று. டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, இல்லை, இப்படி ஒரு சீட்டு வேறெந்தப் பிரதிக்கும் இருக்காது, இன்னும் கொஞ்சம் அதிகம் தருகிறேன் என்றார். சார் நியாயமில்லை என்றார். வாங்குகிறவர் ஏற்றவும் விற்கிறவர் இறக்கவும் நடந்த பேரத்தை நான் அந்த ஒருநாள்தான் கண்டேன். கடைசியில் நடுவில் ஒரு தொகைக்கு இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். முதலில் பேசியதைவிடக் குறைவுதான், ஆனாலும் துணி துவைக்கிற மெஷின் வாங்கப் போதும்.

டாக்டர் போன பிறகு ஐயாவையும் எஸ்தர் அம்மாவையும் வாசல்வரை கொண்டுவிடப் போனேன். ஐயா படியில் நின்றுவிட்டார். செருப்பைப் போட்டும் இறங்கவில்லை.

"அம்மா, அந்தப் புக்கு நாளைக்கி யார் கைக்கோ போவும். இது சித்தூர் பைண்டரு தப்பா கட்டுனதுன்னு சொல்லுவாங்க இல்ல?"

சீட்டில் எல்லாம் இருக்கிறது ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எஸ்தர் அம்மா திரும்பினார்.

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. சீட்டுல பாரு, நேரா வெச்சது நீ. தப்பா வெச்சதுக்கு என் பேர்தான இருக்குது."

ஐயா மனைவியின் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டு, முன்னால் படி இறங்கினார்.